ஆளைப் பார்த்துப் போட்ட வைத்தியம்: ஒரு குடிமறுவாழ்வு மையத்தைப் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மையத்தின் பெயரைப் போடப் போவதில்லை. அங்கே சிகிச்சை எடுத்த என் அண்ணன் கல்யாண சமையல் மாஸ்டர். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று நிறைய வீட்டு விசேஷங்களுக்கு அவர்தான் அடுப்பு மூட்டியிருக்கிறார், மையத்தின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போட்டால் ஆள் யாரென்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. "எழுது, ஆனா என்னைய மாட்டி விட்டுறாதடா" என்று சொல்லித்தான் சம்மதம் கொடுத்தார். பெயர் இல்லாத ரிவ்யூவால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். உள்ளே போனதும் எதைப் பார்க்கணும், எதைக் கேட்கணும் என்று தெரிந்தால் நல்ல இடத்தை நீங்களே பிடித்துவிடலாம், அதற்குத்தான் எழுதுகிறேன்.

இந்த மாதிரி இடங்களுக்கு கூகுளில் கிடக்கிற ரிவ்யூக்களைப் படித்துப் பாருங்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, ரூம் சுத்தம், சார் தங்கமான மனுஷன், ஐந்து ஸ்டார். இல்லையென்றால் காசு பிடுங்கிகள், ஒரு ஸ்டார். உள்ளே என்ன வைத்தியம் நடந்தது, யார் பார்த்தார்கள், என்ன மாத்திரை, ஏன் அந்த மாத்திரை, வெளியே வந்த பிறகு என்ன ஏற்பாடு என்று ஒரு வரி இருக்காது. நான் சாப்பாட்டைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: உப்பு கம்மி, அண்ணனுக்கு அதுதான் பெரிய தண்டனை.

இந்த மையத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் அவரைச் சேர்த்திருந்தோம். அதைச் சொல்லாமல் இதன் அருமை புரியாது. அங்கே போன் போட்டால் முதல் கேள்வியே "வண்டி அனுப்பவா, நீங்களே கூட்டிட்டு வர்றீங்களா?" என்பதுதான். 90 நாள் பேக்கேஜ். கஞ்சா அடித்த காலேஜ் பையனுக்கும் அதே 90 நாள், நாற்பது வருஷம் குடித்த ரிட்டயர்டு ஆளுக்கும் அதே 90 நாள். விடிகாலை எழுப்பி யோகா, அப்புறம் பிரார்த்தனை, அப்புறம் புத்தகம் படிப்பது, சாயங்காலம் ஒவ்வொருவராக எழுந்து நின்று தான் செய்த பாவங்களைச் சொல்வது. சுவரில் ஒட்டியிருந்த டைம் டேபிள்தான் எல்லோருக்கும் வைத்தியம். சேர்க்கும்போது அண்ணன் தினமும் எவ்வளவு குடிப்பார், சுகர் இருக்கிறதா, முன்னால் எப்போதாவது வலிப்பு வந்ததா, எதுவுமே கேட்கவில்லை. ஆதார் நகல் கேட்டார்கள், அட்வான்ஸ் கேட்டார்கள்.

வருஷக்கணக்கில் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு டெலிரியம் வரும், அதாவது புத்தி பேதலித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும், நாடி எகிறும். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரே போகும். அந்த இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தவரைக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூரான் ஊர்கிறது என்று கையால் அடித்துக்கொண்டே இருந்தாராம், அப்போதுதான் எங்களுக்குப் போன் வந்தது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம், அங்கே பிழைக்க வைத்தார்கள். வெளியே வந்து சில வாரத்தில் திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது வேறு கதை, ஆனால் உயிரோடு வந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. அதனால் இந்த மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நோயாளி தானாகச் சம்மதிக்காத நிலையில் சேர்ப்பதென்றால், ஒரு சைக்கியாட்ரிஸ்டும் இன்னொரு மனநல வல்லுநரோ டாக்டரோ தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைக்கும்தான். சங்கிலியால் கட்டுவது அடியோடு தடை. ராத்திரியில் நாலு பேர் வண்டியில் வந்து ஆளைத் தூக்கிப்போய் 90 நாள் பூட்டி வைப்பது எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டாவது இடத்துக்கு வருகிறேன்.

போன அன்றைக்கே சேர்க்கவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். முதலில் டாக்டர் பார்த்தார். முன்பு டெலிரியம் வந்த கதையைச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. ஒருமுறை அப்படி வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வர வாய்ப்பு அதிகம், அதனால் இவருக்கு ராத்திரியும் நர்ஸ் இருக்கிற வார்டுதான், பொது ஹாலில் போட முடியாது என்று சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொருவருக்கு அட்மிஷனே வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம், வாரம் இரண்டு முறை வந்து போங்கள் என்று அனுப்பிவிட்டார். வந்த வருமானத்தை வேண்டாம் என்று சொல்லும் இடம் கொஞ்சம் நம்பத் தகுந்த இடம் என்று அப்போதே பட்டது.

டீடாக்ஸ் சமயத்தில், அதாவது குடியை நிறுத்தி உடம்பைத் தெளிய வைக்கும் முதல் நாட்களில், சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து கையை நீட்டச் சொல்லி, வியர்வை, வாந்தி, பதற்றம், தலைவலி என்று பத்து விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டு போவார். அந்த மதிப்பெண் ஏறினால் மருந்து ஏறும், இறங்கினால் இறங்கும். முதலில் தையமின் ஊசி, அதற்கப்புறம்தான் குளுக்கோஸ். குடிப்பவர்கள் உடம்பில் அந்த வைட்டமின் வறண்டு கிடக்கும், வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்குக் கேடு என்று நர்ஸ் சொன்னார். நடுக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளோர்டயசிபாக்சைடு இவருக்கு இல்லை, கல்லீரல் பரிசோதனை முடிவு மோசமாக இருந்ததால் லோராசிபாம். அது கல்லீரலில் தேங்காமல் போகுமாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வேறு. கேட்டால் காரணம் சொன்னார்கள், அதுதான் முக்கியம்.

உடம்பு தேறிய பிறகு கவுன்சலர் மேடம் உட்கார்ந்தார். நான் நேரில் பார்த்ததில் என்னை அசத்தியது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எல்லா வீட்டு அண்ணனையும் போல எங்கள் அண்ணனும் "ஒரு குவார்ட்டர்தான் மேடம்" என்று தொடங்கினார். மேடம் மறுத்துப் பேசவில்லை. ஒரு பேப்பரில் கணக்குப் போட்டார். குவார்ட்டர் என்றால் 180 மில்லி, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும், அப்படியென்றால் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 60 கிராமுக்கு மேல், 10 கிராமை ஒரு அளவு என்று எடுத்தால் ஆறு அளவு. "இது ஒரு குவார்ட்டர்ண்ணே. மத்தியானம் கட்டிங் போடுவீங்களே, அதையும் சேத்துக்கலாமா?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துவிட்டார். அப்புறம் உலக சுகாதார அமைப்பின் பத்துக் கேள்வி கொண்ட, குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் (AUDIT) படிவத்தைத் தமிழில் படித்துக் கேட்டார். 40-க்கு 20-ஐத் தொட்டாலே குடிக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு உண்டு, முழுசாகப் பரிசோதிக்கணும் என்று அர்த்தம். எவ்வளவு வந்தது என்பதை அண்ணன் மானம் கருதி விட்டுவிடுகிறேன்.

இதெல்லாம் நல்ல இடம் எதிலும் செய்வதுதான். இதற்கப்புறம் அவர் செய்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை எடுத்து வரச் சொன்னார். முகூர்த்த நாட்களுக்கு வட்டம் போடச் சொன்னார். கடைசியாகப் போன சீசனில் எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு முதல் குடி என்று ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொல்லச் சொன்னார். அரைமணி நேரத்தில் எங்கள் யாருக்கும் இத்தனை வருஷம் கண்ணில் படாத ஒன்று வெளியே வந்துவிட்டது.

கல்யாண வேலை ராத்திரி முழுக்க நடக்கும். அந்த ராத்திரியில் அண்ணன் தொடமாட்டார், தொட்டால் உப்புப் பார்க்க நாக்கு வராது, பார்ட்டிக்காரர் முன்னால் மானம் போய்விடும். காலை டிபன் பந்தி, மத்தியானப் பந்தி முடிந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கூலி கைக்கு வரும்போது உடம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும், டாஸ்மாக் 12 மணிக்கே திறந்திருக்கும், உதவியாளர்கள் நாலு பேர் கூடவே இருப்பார்கள். அது ஒரு குடி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. வேலை இல்லை, கையில் காசு இல்லை, வாங்கிய அட்வான்ஸ் தீர்ந்திருக்கும், வட்டிக்காரன் போன் போடுவான். அப்போது தனியாக, கடன் வாங்கி, வீட்டு மாடியில். அது வேறொரு குடி. "உங்களுக்கு ரெண்டு ஆள் மாதிரி பிளான் போடணும்ண்ணே" என்று சொன்னார் மேடம்.

அப்படியே போட்டார்கள். நாலு பக்கத் திட்டம், இப்போதும் என்னிடம் ஜெராக்ஸ் இருக்கிறது. இடது பக்கம் பிரச்னை, அண்ணன் சொன்ன வார்த்தையிலேயே: "சம்பளம் கைக்கு வந்தா கால் தானா அங்க போயிருது." அதற்கு நேரே என்ன செய்வது, யார் செய்வது, எப்போது திரும்பப் பார்ப்பது. சீசன் நாட்களுக்கு: கூலி ரொக்கமாக வேண்டாம், காண்ட்ராக்டர் அண்ணாச்சி நேராக மதினியின் அக்கவுண்டுக்கு அனுப்பணும், இதைப் பற்றி அண்ணாச்சியிடம் பேசலாமா என்று அண்ணனிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டார்கள். பந்தி முடிந்ததும் பாத்திர வண்டியில் ஏறாமல் பஸ் பிடித்து வீடு, ஏனென்றால் பாத்திர வண்டி நிற்கும் இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்படியை விட்டு வந்த கையோடு மோரும் சாப்பாடும், அப்புறம் தூக்கம். பசி, களைப்பு இரண்டும்தான் இவருக்குப் பெரிய எதிரி என்று எழுதியிருந்தார்கள். ஆடி, மார்கழிக்கு: ஒரு மெஸ்ஸில் பகல் வேலை பார்த்துக்கொடுப்பது, கடனை ஒரு தாளில் எழுதி எதை முதலில் அடைப்பது என்று முடிவு செய்வது, தூக்கம் வராத ராத்திரிக்கு என்ன, மனச்சோர்வு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை டாக்டர் பார்ப்பது.

குறிக்கோள் என்ற இடத்தில் 'வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன்' என்றெல்லாம் சபதம் இல்லை. 'ஆவணியில் வரும் முதல் மூன்று முகூர்த்தம் முடிந்து நேராக வீடு' என்று இருந்தது. அது நடந்ததா இல்லையா என்று யாரும் சரிபார்த்துவிடலாம் பாருங்கள்.

ஒரு வரியை அண்ணன் அடிக்கச் சொன்னார். குடிநோயாளிகள் ஒன்றாகக் கூடிப் பேசி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு வாரா வாரம் போவது. அங்கே போய் உட்கார்ந்தால் பாதிப்பேர் நான் சமைத்த கல்யாணத்தில் சாப்பிட்டவர்களாக இருப்பார்கள் என்று சொன்னார். முதல் இடமாக இருந்தால் "ஈகோ போகல" என்று தண்டனை கொடுத்திருப்பார்கள். இங்கே சரி என்று அடித்துவிட்டு, மையத்திலிருந்து வெளியே போய் நன்றாக இருக்கும் ஒரு ஆட்டோக்காரரோடு போனில் பேசுவது என்று மாற்றினார்கள். பல பேருக்கு அந்தக் கூட்டம்தான் உயிர், 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது இன்றைக்கு நம் ஊரில் சர்ச் ஹால்கள் வரைக்கும் வந்திருக்கிறது, இலவசம் வேறு. ஆனால் எல்லோருக்கும் ஒட்டும் என்று இல்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். மதினி முதல் நாளே கேட்டார், "குடிச்சா வாந்தி வருமே, அந்த மாத்திரை கொடுத்துருங்க டாக்டர்." டைசல்ஃபிராம். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி ஆபத்தாகிவிடும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரைக்கும் அந்த வேலை இருக்கும். கல்லீரல் கெட்டு, சுகரும் இருக்கிற ஆளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: யாருக்கும் தெரியாமல் கொடுக்கவே கூடாது. பஸ் ஸ்டாண்டில் 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், மூன்றே நாளில் குடியை மறப்பார்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே, அதில் என்ன பவுடர் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஒருவேளை இதுவே இருந்தால் அந்த மனுஷன் என்னவென்று தெரியாமலே குடித்துவிட்டு விழுவார். தயவுசெய்து வாங்காதீர்கள்.

மிச்சம் இருந்தது குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட். முதலாவது ஒரு நாளைக்கு ஒன்று, சுலபம், ஆனால் கல்லீரல் அந்த நிலையில் இருக்கும்போது வேண்டாம் என்றார். இரண்டாவது கல்லீரலைத் தொடாது, சிறுநீரகம் வழியாகப் போவது, அதனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அதைத் தொடங்கினார். சிக்கல் என்னவென்றால் அது வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, நாளைக்கு ஆறு மாத்திரை. ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நிற்பவருக்கு எது காலை, எது ராத்திரி? டாக்டர் இதையும் யோசித்திருந்தார். வேளைக் கணக்கை விட்டுவிட்டு, அரிசி களையும்போது, சாம்பார் இறக்கும்போது, வீட்டுக்கு வந்து படுக்கும்போது என்று எழுதிக் கொடுத்தார். "மாஸ்டர், உங்களுக்குக் கடிகாரத்தை விட அடுப்புதான் சரியா நேரம் சொல்லும்" என்றார். சில மாதம் கழித்துக் கல்லீரல் தேறியதும் ஒரே மாத்திரைக்கு மாற்றிவிட்டார்.

அதே நேரத்தில் அங்கே வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் இருந்தான். அவனுக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தால் போதை திடீரென்று அறுந்த அவஸ்தையில் துடித்துப் போய்விடுவான், ஏனென்றால் அது அந்த வகை மருந்தின் வேலையை அப்படியே தடுத்துவிடும். அவனுக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின். கஞ்சாவுக்கு வந்தவனுக்கு இப்படியான தனி மாத்திரை எதுவும் கிடையாது, முழுக்கப் பேச்சுதான், காலேஜுக்குத் திரும்பப் போவதுதான், அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான். ஒரே ஹாலில் சாப்பிட்டார்கள், மூன்று பேருக்கும் மூன்று வழி. அண்ணன் தன் பாணியில் சொன்னார்: "அங்க எல்லாருக்கும் பந்தி போட்டாங்கடா, இங்க ஆளுக்கு ஆள் பத்தியம் போட்டாங்க."

மதினியைத் தனியாகப் பார்த்தார்கள், இதுவும் பிடித்தது. அவருக்கு ராத்திரித் தூக்கம் போய் வருஷமாகிறது என்பது எங்களுக்கே அங்கேதான் தெரிந்தது. அண்ணனின் சட்டைப் பையை மோந்து பார்ப்பது, போனைத் தோண்டுவது எல்லாம் இனி உங்கள் வேலை இல்லை என்று அவரிடம் சொன்னார்கள். சொன்னது சுலபம், மதினி இன்னும் மோந்துதான் பார்க்கிறார்.

இப்போது குறைகள்.

அண்ணன் ஹான்ஸ் (வாயில் அடக்கும் புகையிலை) போடுகிறவர். சேர்க்கும்போது அதைக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான், திட்டத்தில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. இப்ப ஒன்றை விடட்டும், அதை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வாய்ப்புற்றுநோய் எதில் வருகிறது என்று அந்த மையத்துச் சுவரிலேயே படம் மாட்டியிருக்கிறது. குடியும் புகையிலையும் ஒன்றையொன்று இழுக்கும், ஆளுக்கேற்ற திட்டம் என்று இத்தனை பேசிவிட்டு, தினமும் கையில் இருக்கிற பாக்கெட்டை எப்படி விட்டார்கள்?

இரண்டாவது, ஃபைல் முழுக்க இங்கிலீஷ். திட்டத்தை மட்டும் கேட்டதால் தமிழில் எழுதித் தந்தார்கள். மருந்துக் குறிப்பு, பரிசோதனை, டாக்டர் எழுதியது எதுவும் அண்ணனால் படிக்க முடியாது. தன்னுடைய மருத்துவக் குறிப்பைப் பார்க்கும் உரிமை நான் மேலே சொன்ன சட்டத்திலேயே இருக்கிறது, பார்த்தால் புரிய வேண்டாமா?

மூன்றாவது, நடுவில் அந்த மேடம் லீவில் போய்விட்டார். பதிலாக வந்த தம்பி ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் "சொல்லுங்க சார், எப்ப இருந்து குடிக்கிறீங்க?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அண்ணன் எழுந்து வந்துவிட்டார். திட்டம் பேப்பரில் இருந்தும் ஒரே ஆளை நம்பி ஓடினால் இப்படித்தான். அப்புறம் குடும்பக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் பாதி ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும், இதைச் சொல்லியும் மாற்றவில்லை. பணம்: சொன்ன தொகை வேறு, ரத்தப் பரிசோதனைகளுக்குத் தனியாக வாங்கியது வேறு. பெண்களுக்கு அங்கே வார்டே கிடையாது.

வெளியே வந்த பிறகு ஆவணியில் ஒருமுறை சறுக்கினார். முகூர்த்தம் முடிந்து இல்லை, உதவியாளர் பையன் ஒருத்தனின் கல்யாணத்தில், விருந்தாளியாகப் போய். சமைக்கப் போகும் இடத்துக்குத் திட்டம் இருந்தது, சாப்பிடப் போகும் இடத்துக்கு இல்லை. ஆனால் நாலாவது பக்கத்தில் 'குடித்துவிட்டால்' என்று ஒரு தலைப்பு இருந்தது. அன்றைக்கே இந்த நம்பருக்குப் போன், மாத்திரையை நிறுத்தாதீர்கள், இரண்டு நாளுக்குள் நேரில் வாங்க, தொடர்ந்து குடித்தால் மட்டுமே அட்மிஷன். மதினி போன் செய்தார். மையத்தில் யாரும் திட்டவில்லை, 'போச்சு, திரும்ப முதலிலிருந்து' என்று பேக்கேஜ் விற்கவில்லை. அந்த நாளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்து, திட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: விருந்துக்குப் போனால் மகனைக் கூட்டிக்கொண்டு, பகல் பந்திக்கு மட்டும். இந்த நோயில் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் பழக்கத்துக்குப் போவது நூற்றில் 40-லிருந்து 60 பேர் வரை என்று அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனமே சொல்கிறது, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகள் தடுமாறுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பிரஷர் ஏறினால் மருந்தை மாற்றுகிறோமே தவிர நோயாளியைத் திட்டுவதில்லை இல்லையா?

பணம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதே மருந்துகள் இருக்கின்றன, 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மையங்களைத் தமிழ்நாடு அரசு திறந்திருக்கிறது, சென்னையில் 1980-இலிருந்து இதே வேலையாக இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416 மனநலத்துக்கு, 14446 போதை மீட்புக்கு, இரண்டும் இலவசம். 2019-இல் வந்த மத்திய அரசு சர்வேயில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் எந்தக் கதவையாவது தட்டுங்கள்.

எங்கே போனாலும் சேர்ப்பதற்கு முன்னால் கேளுங்கள்: சைக்கியாட்ரிஸ்ட் எந்தெந்த நாள் வருவார், ராத்திரி வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள், ஆணையத்தில் பதிவு எண் என்ன, எத்தனை நாள் என்பதை எப்போது முடிவு செய்வீர்கள். கடைசிக் கேள்விக்குப் போனிலேயே பதில் வந்துவிட்டால், அதாவது ஆளைப் பார்க்காமலே 90 என்றோ 60 என்றோ சொல்லிவிட்டால், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். திட்டத்தின் நகல் தருவீர்களா என்றும் கேளுங்கள். போகும்போது பழைய சீட்டு, சுகர் மாத்திரை, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள்.

என் ரேட்டிங் ஐந்துக்கு நாலு. காலண்டரை எடுத்து வரச் சொன்ன அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே ஐந்தும் கொடுப்பேன், ஹான்ஸுக்காகவும் ஞாயிற்றுக்கிழமைக்காகவும் ஒன்றைக் குறைத்துவிட்டேன்.